எதுக்குக் குறுக்கே?

"மேடம், மனுசனை எப்படித் தடுக்கிறது?"

கேட்டது குழந்தைவேலு சார். பேருலதான் குழந்தை. வயசு ஐம்பத்தி நாலு. நெடுஞ்சாலையில பெரிய இன்ஜினீயர். அவர் தொண்டையைச் செருமினாலே காண்ட்ராக்டருங்க எழுந்து நிப்பாங்க.

பதில் சொல்ல வேண்டியது மரகதவல்லி மேடம். சாரைவிட ஒரு மாமாங்கம் சின்னவங்க. ஆனா எங்க எல்லாருக்கும் அவங்கதான் குரு. ரோடு போட்டுப் போட்டே தலை நரைச்ச எங்களை மாதிரி ஆளுங்களுக்கு, சனிக்கிழமை சாயங்காலம், ரோடுன்னா என்னன்னு மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் குடுப்பாங்க. அதையும் நேராச் சொல்ல மாட்டாங்க. அது ஒண்ணுதான் அவங்ககிட்ட இருக்கிற கெட்ட பழக்கம்.

"எதுக்கு சார் தடுக்கணும்?"

"சாவுறாங்களே மேடம்!"

"யாரு?"

"ஓலப்பாளையத்துக்காரங்க. என் நாலு வழிச் சாலைக்கு மேற்கே அவங்க வீடு. கிழக்கே தோட்டம், பால் சொசைட்டி. ரோட்டுக்கு நடுவுல நான் திட்டு கட்டி வெச்சிருக்கேன். அதை உடைச்சு வழி பண்ணிக்கிட்டுக் குறுக்கே குறுக்கே போறாங்க."

"நீங்க சும்மாவா விட்டீங்க?"

"விடுவேனா? கல்லை அடுக்கினேன். தூக்கி வீசிட்டாங்க. இரும்பு வேலி அடிச்சேன். அறுத்துட்டாங்க. சரி, செடி வெச்சா மனசு கேக்கும்னு அந்தத் திட்டு மேலேயே நெடுக, நெருக்கமா அரளி வெச்சேன். அவங்க வழியில இருந்ததை மிதிச்சே கொன்னுட்டாங்க. மத்ததெல்லாம் ஆள் உசரத்துக்கு ஜம்முனு வளர்ந்து நிக்குது, அந்த வழி மட்டும் மொட்டையா கிடக்குது."

பேனாவை மூடி வெச்சாரு.

"போன மாசம் நாச்சிமுத்துன்னு ஒருத்தர். விடிகாலையில பாலைத் தூக்கிட்டுச் சொசைட்டிக்குப் போயிருக்காரு. லாரி அடிச்சிருச்சு."

அந்தப் பேரைச் சொல்லும்போது சார் குரல் இறங்கிப் போச்சு. என்னதான் முரட்டு மனுசன்னாலும் நெஞ்சு கல்லு இல்லையே.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"திங்கக்கிழமை காங்கிரீட் சுவர் எழும்புது. அன்னிக்கே விபத்து அறிக்கையும் மேல போகுது. இறந்தவர் கவனமில்லாம ரோட்டுக்குக் குறுக்கே வந்ததாலதான் நடந்ததுன்னு எழுதியாச்சு. என் கையெழுத்துதான் பாக்கி. சுவரை எவனும் தாண்ட முடியாதபடி எப்படிக் கட்டுறது? அதை மட்டும் சொல்லுங்க மேடம், புண்ணியமாப் போகும்."

மேடம் சாக்பீஸைக் கீழே வெச்சாங்க.

"சார், நீங்க ரோடு போடுற இடத்துல ஒரு ஓடை இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அதை எப்படித் தடுப்பீங்க?"

சார் சிரிச்சிட்டாரு. "ஓடையை யாராவது தடுப்பாங்களா? ரோட்டையே அரிச்சு எடுத்துட்டுப் போயிரும். கீழே சிறுபாலம் கட்டித் தண்ணிக்கு வழி விடணும்."

"எங்கே கட்டுவீங்க?"

"ஓடை வர்ற இடத்துலதான்."

"உங்களுக்கு அங்கே வசதிப்படலை. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மேடு இருக்கு, செலவு கம்மி. அங்கே கட்டிட்டு, தண்ணியைச் சுத்திக்கிட்டு வரச் சொல்லலாமா?"

"பைத்தியக்காரன்தான் மேடம் அப்படிக் கட்டுவான்!"

வகுப்பே சிரிச்சுது. மேடம் மட்டும் சிரிக்கலை.

"உங்க ஓலப்பாளையத்து ஆளுங்க ரோட்டைக் கடக்க நீங்க சப்வே கட்டியிருக்கீங்களே, அது எங்கே இருக்கு சார்?"

"வடக்கே, கரட்டு மேட்டுல. ரோடு அங்கே உசரமாப் போகுது பாருங்க, தோண்ட வேண்டிய வேலையே இல்லை. ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கும்."

அப்பவும் அவருக்கு உறைக்கலை. கடைசி பெஞ்சுல இருந்த எனக்கே லேசா உறைச்சுது. வாயைத் திறந்தா வம்புன்னு கம்முனு இருந்துட்டேன்.

"நாளைக்குக் காலையில அங்கே போவோமா சார்?"ன்னாங்க மேடம்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம, சாரோட ஜீப்புல மேடமும் சாரும், தொத்திக்கிட்டு நானும் போய் இறங்கினோம்.

ஊரு அப்பத்தான் எழுந்திருந்துது. மேடம் நேரா ரோட்டோரத்து முதல் வீட்டுக்குப் போனாங்க. வாசல்ல ஒரு அம்மா மாட்டைக் கறந்து முடிச்சு, தூக்குப் போசியில பாலை ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

அவங்களைப் பார்த்ததும் சார் நின்ன இடத்துலயே நின்னுட்டாரு.

"யாரு சார்?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"பாவாயி. நாச்சிமுத்துவோட சம்சாரம். விசாரணைக்கு ஆபீசுக்கு வந்திருந்தாங்க."

பாவாயியும் அவரைப் பார்த்துட்டாங்க. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு, "வாங்க"ன்னாங்க. வீடு தேடி வந்தவங்களை எப்படி வாங்கன்னு சொல்லாம இருக்கிறதுன்னு சொன்ன மாதிரி இருந்துது.

"பாலை யாரும்மா சொசைட்டிக்குக் கொண்டு போறது?"ன்னு மேடம் கேட்டாங்க.

"நாந்தானுங்க. இனி வேற யாரு இருக்கா?"

"எந்த வழியாப் போவீங்க?"

பாவாயிக்குக் கேள்வியே புரியலை. "வழியிலதானுங்க போவேன்."

சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாரு. "பயமா இல்லைங்களாம்மா? அவருக்கு அப்படி ஆகியும்..."

"பயந்தா மாடு கறக்காம இருக்குதுங்களா?" அப்புறம் அவங்களாவே சொன்னாங்க. "அவரு பார்த்துத்தானுங்க போவாரு. சாணிய மிதிக்கக் கூடாதுன்னு வாசல்லயே பார்த்துப் பார்த்து நடக்கிற மனுசன். உங்க ஆபீசுல கவனமில்லாம வந்துட்டாருன்னு சொன்னாங்க. ஊருலயும் இப்ப அதையே சொல்றாங்க. செத்தவரு வந்து இல்லைன்னு சொல்லவா போறாரு?"

மாடு மட்டும் மூச்சு விட்டுது.

"இன்னிக்குப் பாலை இந்த சார் கொண்டு போகட்டும்மா"ன்னாங்க மேடம்.

பாவாயி சாரைப் பார்த்தாங்க. போசியைப் பார்த்தாங்க. என்ன நினைச்சாங்களோ, நீட்டிட்டாங்க.

"ஏழு மணிக்குப் பால் வண்டி போயிருமுங்க. அதுக்கப்புறம் ஊத்திக்க மாட்டாங்க."

"அதெல்லாம் விருட்டுனு போயிருவேன்"னு சார் ஜீப்புல காலை வெச்சாரு.

"நாச்சிமுத்துகிட்ட ஜீப் இருந்துதா சார்?"

சார் காலை எடுத்துட்டாரு.

"நடந்தே போங்க. நீங்க போட்ட சப்வே வழியாவே போங்க. அந்த இடைவெளி வேண்டாம். நாளைக்கு அதுதான் இருக்காதே."

சார் போசியைத் தூக்கிக்கிட்டு வடக்கே நடந்தாரு. பாலிஷ் போட்ட ஷூ, இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட்டு, கையில தளும்புற பால். போற வர்ற லாரிக்காரனெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுப் போனான். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கே!

மேடமும் நானும் இடைவெளிக்குக் கொஞ்சம் தெற்கே, ரோட்டோரத்து மேட்டுல ஒரு கல்லுல உக்காந்தோம். அங்கேர்ந்து பார்த்தா செடிக்கு மேலே எதிர்ப்பக்கம் தெரிஞ்சுது. எங்க முதுகுப் பக்கத்திலிருந்து வண்டிங்க வந்து, எங்களைத் தாண்டி வடக்கே பறந்துது.

"ஒரு டிரைவர் ஆளைப் பார்த்து, அது ஆளுதான்னு புத்திக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போயி, வண்டி நிக்கணும். எவ்வளவு தூரம் வேணும்?"ன்னாங்க மேடம். உக்காந்த இடத்துலயும் பாடம்.

"நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு நூத்தி எண்பது மீட்டர் மேடம்." இதைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவோம்.

"அது வண்டியில வர்றவருக்கு. நடந்து வர்றவருக்கு எவ்வளவு தூரம் தெரியணும்?"

யோசிச்சேன். படிச்சிருப்பேன். ஆனா யாரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்லை.

"தெரியலை மேடம்."

"எனக்கும் இப்பத்தான் கேக்கத் தோணுது"ன்னாங்க. அவங்க திட்டுல இருந்த அந்த அரளிச் செடிங்களையேதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஏழு மணி ஆச்சு. எதிர்ப்பக்கம் பால் வண்டி வந்துது, கேனெல்லாம் ஏத்துச்சு, கிளம்பிப் போயே போச்சு. சாரைக் காணோம்.

அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சாரு. எதிர்ப்பக்கம், சொசைட்டி வாசல்ல. பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாரு. காலெல்லாம் சேறு. ஒரு கையில போசி, இன்னொரு கையில ஷூ. சொசைட்டிக்காரர்கிட்ட என்னமோ கேட்டாரு. அவர் கையை விரிச்சாரு.

சார் ரோட்டோரத்துக்கு வந்து வடக்கே பார்த்தாரு. மறுபடி அந்த ரெண்டு கிலோமீட்டரை நினைச்சுப் பார்த்திருப்பாரு போல. எங்களைப் பார்த்தாரு. அப்புறம் விறுவிறுன்னு நேரா ரோட்டைத் தாண்டி, திட்டுல ஏறி, இடைவெளிக்குள்ள நுழைஞ்சாரு.

"இப்ப சார் எங்கே?"ன்னாங்க மேடம்.

பார்த்தேன். அரளிச் செடி தெரிஞ்சுது. பூ தெரிஞ்சுது. அவ்வளவு பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, ஒண்ணையும் காணோம்.

"தெரியலை மேடம்."

சொல்லி வாய் மூடலை, எங்களை உரசுற மாதிரி ஒரு லாரி போச்சு. அதே நேரம் செடிக்கு வெளியே ஒரு சேத்துக் கால் நீண்டுது.

"சார்!"னு கத்திட்டேன்.

ஹாரன் காதைக் கிழிச்சுது. லாரி ஒரு வெட்டு வெட்டி, கெட்ட வார்த்தையை வீசிட்டுப் போயே போச்சு. கால் உள்ளே போயிருந்துது. மேடம் எழுந்து நின்னுட்டாங்க.

செடிக்குள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டுது.

"ஏனுங் சாமி, வழியில இப்படிக் குறுக்கே நின்னா நாங்க எப்படிப் போறதுங்க?"

செடி அசைஞ்சுது. தலையில புல்லுக்கட்டோட ஒரு அம்மா. ஒரு கையால கட்டைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அரளிக் கிளையை அப்படியே அழுத்தி விலக்கி, கழுத்தை நீட்டித் தெற்கே எட்டிப் பார்த்தாங்க. வண்டி இல்லைன்னதும் குடுகுடுன்னு தாண்டி ஊருக்குள்ள போயிட்டாங்க. தினமும் பண்ற வேலை, கை தானாப் பண்ணுது.

அவங்க பின்னாடியே சாரும் ஓடி வந்துட்டாரு. வந்தவரு போசியைக் கீழே வைக்கவே இல்லை. ஷூவையும் விடலை. ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

"பால் என்ன ஆச்சு சார்?"

"வண்டி போயிருச்சு. சப்வேயில முழங்கால் அளவு தண்ணி மேடம். வழுக்குது. பாலைக் காப்பாத்துறதா, என்னைக் காப்பாத்துறதான்னு ஆயிருச்சு."

"எப்படித் திரும்பி வந்தீங்க?"

சார் முகம் செவந்து போச்சு.

"குறுக்கே வந்தேன்."

"எதுக்குக் குறுக்கே?"

சார் பதில் சொல்ல வாயெடுத்தவரு திரும்பிப் பார்த்தாரு.

நானும் அப்பத்தான் பார்த்தேன். பாவாயி வீட்டுச் சந்துலேர்ந்து ஒரு மண் பாதை கிளம்பி ரோட்டோரம் வரைக்கும் வருது. திட்டுல அதே நேர்ல மொட்டை இடம். எதிர்ப்பக்கம் சொசைட்டியைத் தொட்டுக்கிட்டு அதே பாதை மறுபடி கிளம்பி, பனைமரத்துக்கு நடுவுல தோட்டத்துக்குப் போகுது. ரெண்டு பக்கமும் ஒரே பாதை. நடுவுல எங்க நாலு வழிச் சாலை படுத்திருக்கு.

சார் அந்தப் பாதையையே கண்ணால அளந்தாரு.

"அந்தம்மா என்னைத்தான் குறுக்கே நிக்கிறேன்னு சொல்லிட்டுப் போறாங்க மேடம்"னாரு. கோபமே இல்லை. ஏதோ புதுசாக் கேட்ட மாதிரி சொன்னாரு. "நான் போட்ட ரோட்டுல, என்னையே!"

மேடம் லேசாத் தலையாட்டினாங்க.

"நேத்து வகுப்புல பைத்தியக்காரன்னு சொன்னேனே. என்னைச் சொல்ல வெச்சுட்டீங்க, இல்லையா?"

"நான் ஓடையைப் பத்தித்தானே சார் கேட்டேன்?"

சார் ஷூவைக் கீழே போட்டாரு. போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாரு. "நாளைக்குச் சுவர் வேண்டாம். அருவாளோட ஆளு அனுப்புங்க. நாளைக்கு இல்லைய்யா, இப்பவே. அரளியெல்லாம் வெட்டணும். எவ்வளவு தூரத்துக்கா? நடந்து வர்றவங்களுக்கு வண்டி தெரியுற வரைக்கும் வெட்டுங்க. ஆமா, நான் வெச்சதுதான். வெட்டுங்க!"

போனை வெச்சுட்டு மேடத்தைப் பார்த்தாரு. "இங்கே ரோட்டைத் தூக்கித்தான் சப்வே விடணும். ஒரு வருசம் இழுக்கும். அது வரைக்கும் வேகத்தைக் குறைக்க இங்கே ஆள் போடுறேன், வேகத்தடை போடுறேன். அந்த அறிக்கையிலயும் கையெழுத்துப் போட மாட்டேன். மேலதிகாரி கேட்டா நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க"ன்னாங்க மேடம். "அதுக்கு முன்னாடி பேச வேண்டிய ஒருத்தர் இருக்காங்களே சார்."

சாருக்குப் புரிஞ்சுது. போசியைத் தூக்கிக்கிட்டு, வெறுங்காலோட, அந்த மண் பாதையில நடந்தாரு. நாங்க கொஞ்சம் பின்னாலேயே போனோம்.

பாவாயி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஹாரன் சத்தம் கேட்டு வந்திருப்பாங்க. முகம் வெளிறிக் கிடந்துது.

"ஒண்ணும் ஆகலைங்களே?"ன்னாங்க.

"இல்லைங்கம்மா. பாலைத்தான் சேர்க்க முடியலை."

"அந்தச் சுத்து வழியில யாராலயும் முடியாதுங்க. விடுங்க, உறை ஊத்திக்கிறேன்." போசியை வாங்கிக் கீழே வெச்சாங்க.

சார் போகலை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? அன்னிக்கு அவரு கையில எத்தனை கேனு?"

"ரெண்டுங்க. ஒரு கைக்கு ஒண்ணு."

சாருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. மறைக்கக்கூட இல்லை. எத்தனை வருசமா அவரைப் பார்க்கிறேன், அழுது பார்த்ததே இல்லை.

"செடியை விலக்கிப் பார்க்க அவருக்குக் கை இல்லைங்கம்மா. அந்தச் செடியை வெச்சவன் நான்."

பாவாயி தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்லைங்க"ன்னாரு சார்.

பாவாயி அவரை நிமிந்து பார்த்தாங்க. குரல்ல கோபம் இல்லை. மரியாதைகூடக் குறையலை.

"அது எனக்குத் தெரியுங்க. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"